கொழுப்பின் பாதையில் எல்லோருக்கும் பொறுப்பு உண்டு

இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 81 பேருக்கு ரத்தக் கொழுப்பின் அளவுகளில் ஏதாவது ஒன்று சரியாக இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கு இது. சிலருக்கு ட்ரைகிளிசரைடு கூடியிருக்கிறது. சிலருக்கு, ரத்தக்குழாய் அடைப்புக்கு வித்திடும் எல்டிஎல் கூடியிருக்கிறது. பலருக்கு, போதுமான அளவு இருக்க வேண்டிய எச்டிஎல் குறைந்திருக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதையும் அதே ஆய்வு சொன்னது.

ஐந்தில் ஒருவருக்கு இப்படி இருந்தால் அவருடைய வாய்க்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசலாம். ஐந்தில் நால்வருக்கு இருக்கும்போது, ஊரே உண்ணும் உணவையும் ஊரே வாழும் முறையையும் பற்றித்தான் பேச வேண்டும். ஆனால், பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் காகிதத்தில் ஒருவர் பெயர் மட்டுமே இருக்கிறது. மருத்துவர் அவரிடம்தான் எண்ணெயைக் குறைக்கச் சொல்கிறார். வீட்டார் அவரைத்தான் கடிந்துகொள்கிறார்கள். அவரும் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். அவருக்குக் கிடைக்கும் எண்ணெய் எது என்று முடிவுசெய்தவர்கள், அவர் வாங்கித் தின்ற பண்டத்தைப் பொரித்தவர்கள், அவர் நடப்பதற்கு நடைபாதை அமைக்காதவர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை.

கொழுப்பு நம் உடலுக்குள் எப்படி நுழைகிறது, எப்படிப் பயணம் செய்கிறது, எப்படிக் கட்டுக்குள் வைக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்தால், எந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்பது தானாகவே விளங்கும். அரசியல் வேறுபாடுகளைத் தாண்டி நாம் ஒன்றுபடக்கூடிய பொது விஷயங்களில் இதுவும் ஒன்று.

கொழுப்பைப் பகையாக்க வேண்டாம்

முதலில் ஒரு தெளிவு தேவை. கொழுப்பில்லாமல் உடல் இல்லை. ஒவ்வொரு செல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. மூளையின் உலர் எடையில் பாதிக்கும் மேல் கொழுப்புதான். பல ஹார்மோன்களை உடல் கொலஸ்ட்ராலிலிருந்தே செய்துகொள்கிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலைத் தாண்டி உள்ளே போகும். கீரைப் பொரியலில் விடும் ஒரு கரண்டி எண்ணெய் சுவையைக் கூட்டுவதோடு, கீரையின் சத்து உடம்பில் ஒட்டவும் உதவுகிறது.

எனவே கேள்வி அளவையும் வகையையும் பற்றியது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தருகிறது என்றால், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று குறித்திருக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது மாதத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர். வெளியில் வாங்கித் தின்னும் பலகாரங்களில் உள்ள எண்ணெயும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும் என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

குடலுக்குத் தெரியாத வேறுபாடு

நாம் உண்ணும் எண்ணெயில் பெரும்பகுதி ட்ரைகிளிசரைடு. மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசரால் மூலக்கூறில் கோத்த வடிவம் அது. எண்ணெயும் நீரும் கலக்காது. உடலோ பெரும்பாலும் நீர். இந்தச் சிக்கலை முதலில் தீர்ப்பது பித்தநீர். எண்ணெய்ப் பிசுக்கான பாத்திரத்தில் சோப்பு செய்யும் வேலையைச் சிறுகுடலில் பித்தநீர் செய்கிறது: பெரிய கொழுப்புத் துளிகளை நுண்துளிகளாக உடைக்கிறது. கல்லீரல் அதைச் சுரக்கிறது. பித்தப்பை சேர்த்துவைத்து, கொழுப்புள்ள உணவு வந்ததும் திறந்துவிடுகிறது. அடுத்து, கணையத்தின் லைபேஸ் நொதி அந்த நுண்துளிகளைப் பிளக்க, பிரிந்த கொழுப்பு அமிலங்கள் குடல் செல்களுக்குள் போகின்றன.

அங்கே அவை மறுபடியும் ட்ரைகிளிசரைடாகச் சேர்கின்றன. அதன்மேல் புரத உறை போர்த்தி, கைலோமைக்ரான் என்ற துகள்களைக் குடல் செல்கள் ஆக்குகின்றன. மாவுச்சத்தும் புரதமும் செரித்தபின் ரத்தம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும். கைலோமைக்ரான் அந்த வழியில் போவதில்லை. அது நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பைக் கடந்து, கழுத்தின் அடியில் இடப்புறச் சிரை வழியாக ரத்தத்தில் கலக்கிறது. 1622-இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரே அசெல்லி, அப்போதுதான் உணவு உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, பால்போல் வெளுத்த நுண்குழாய்களைக் கண்டார். கொழுப்பு பயணம் செய்யும் பாதைதான் அன்று அவர் கண்ணில் பட்டது.

உடல்நலம் உள்ளவருக்கு, உண்ட கொழுப்பில் நூற்றுக்கு 95 பங்கு உள்ளே சேர்ந்துவிடுகிறது. நல்ல எண்ணெய், பத்து முறை கொதித்த எண்ணெய், ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய வனஸ்பதி ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்து ஒன்றைத் தடுக்கும் ஏற்பாடு குடலில் இல்லை. ஆகவே அந்தத் தடுப்பை உடலுக்கு வெளியில்தான் வைக்க வேண்டும். அரசும் வணிகமும் சேர்ந்து ஏற்க வேண்டிய முதல் பொறுப்பு இது.

வனஸ்பதி முறையில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்டிஎல்லைக் கூட்டி எச்டிஎல்லைக் குறைக்கும். அதனால் இதய நோயில் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் உலகம் முழுவதும் இறக்கிறார்கள் என்று 2018-இல் மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், அதை உணவிலிருந்தே நீக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. டென்மார்க் 2003-லேயே சட்டம் போட்டு வழிகாட்டியிருந்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் இதன் உச்ச வரம்பை 2021 ஜனவரியில் 3 விழுக்காடாகவும், 2022 ஜனவரியில் 2 விழுக்காடாகவும் குறைத்தது. நல்ல சட்டம். ஆனால், பேக்கரியில் பப்ஸும் கிரீம் பன்னும் வாங்கும் ஒருவரால் அதில் எந்தக் கொழுப்பு இருக்கிறது என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, முடிவை மக்கள் அறியச் சொல்வது அரசின் வேலை.

பொரித்த எண்ணெயின் கதையும் இதேதான். மறுபடி மறுபடி கொதிக்கும் எண்ணெய் சிதைந்து, உடலுக்குக் கேடான பொருள்கள் அதில் பெருகுகின்றன. இவற்றின் மொத்த அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. பெரிய ஓட்டல்களால் இதில் சேர முடிகிறது. சாலையோரம் பஜ்ஜி போடுபவருக்கோ அடிச்சட்டியில் மிஞ்சும் இரண்டு லிட்டர்தான் மறுநாள் வியாபாரத்துக்கு மூலதனம். அவரை மிரட்டி அபராதம் போடுவதில் பயனில்லை. மிஞ்சிய எண்ணெயை அவருடைய கடை வாசலிலேயே, கட்டுப்படியாகும் விலைக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை உள்ளாட்சியும் வணிகர் சங்கமும் சேர்ந்து செய்தால், சட்டம் அவருக்கும் லாபமாகும்.

சோறும் சர்க்கரையும் கொழுப்பாகும் இடம்

எண்ணெயைக் குறைத்துவிட்டேன், ஆனாலும் ட்ரைகிளிசரைடு குறையவில்லை என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. கொழுப்பு வாய் வழியாக மட்டும் வருவதில்லை. தேவைக்கு மேல் உண்ட மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அதை விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. வழியெங்கும் ட்ரைகிளிசரைடை இறக்கிக்கொண்டே போகும் விஎல்டிஎல், கடைசியில் கொலஸ்ட்ரால் மிகுந்த எல்டிஎல்லாக மிஞ்சுகிறது. மிதமிஞ்சிய எல்டிஎல் தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்கும்போதுதான் அடைப்புக்கு வித்து விழுகிறது. எச்டிஎல், திசுக்களில் தேங்கிய கொலஸ்ட்ராலைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவரும் பணியில் பங்கேற்கிறது.

இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசியும் அரைத்த மாவும் சர்க்கரையும்தான் என்று, தொடக்கத்தில் குறிப்பிட்ட நாடு தழுவிய ஆய்வின் குழு 2025-இல் சொன்னது. உயர்ந்த ட்ரைகிளிசரைடும் குறைந்த எச்டிஎல்லும் சேர்ந்து வருவது நம் மக்களிடம் அடிக்கடி காணப்படும் கோளாறு. இதன் வேரைத் தேடினால் எண்ணெய்ச் சட்டியோடு சோற்றுப் பானையையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே அரசின் கை மிகப் பெரியது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகள் வீட்டுச் சமையலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அரிசி இலவசம், சர்க்கரைக்கு மானியம், 2007 முதல் சிறப்புத் திட்டத்தின் கீழ் பாமாயிலும் துவரம் பருப்பும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் பசியைத் தீர்த்த இந்த ஏற்பாட்டை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அடுத்த கட்டத்துக்கு அதை எடுத்துச்செல்லும் நேரம் இது. எல்டிஎல்லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல்; கடலை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றை வாங்கி வழங்கும்படி விவசாயிகள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். மொத்தமாக மாற்றச் செலவு கூடும் என்றால், படிப்படியாகத் தொடங்கலாம். துவரம் பருப்போடு உளுந்து, பச்சைப்பயறு, கேழ்வரகு ஆகியவற்றையும் கூட்டிக் கொடுத்தால், மானாவாரி நிலத்து உழவருக்கும் ரத்தக் கொழுப்போடு போராடும் குடும்பத்துக்கும் ஒரே செலவில் நன்மை கிடைக்கும்.

வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தட்டில் சோறு ஒரு கரண்டி குறைந்து, பருப்போ பயறோ காயோ ஒரு கரண்டி கூடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விருந்தென்றால் இனிப்பு மூன்று, பொரித்தது நான்கு என்று இலையை நிரப்பும் வழக்கத்தைத் திருமண வீட்டார் ஒருவர் மாற்றினால், அடுத்தவருக்குத் துணிவு வரும்.

தசை கேட்டால்தான் கொழுப்பு குறையும்

ரத்தத்தில் வரும் கைலோமைக்ரானிலிருந்தும் விஎல்டிஎல்லிலிருந்தும் கொழுப்பை இறக்கி எடுப்பது, நுண் ரத்தக் குழாய்களின் சுவரில் காத்திருக்கும் ஒரு லைபேஸ் நொதி. இறங்கிய கொழுப்பைத் தசை எரிபொருளாக எரிக்கும். கொழுப்புத் திசு சேமித்துவைக்கும். நடப்பவரின், உழைப்பவரின் தசைகளில் இந்த நொதியின் வேலை கூடுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் அது குறைகிறது.

சேமிப்பா செலவா என்று முடிவுசெய்வதில் முதன்மையானது இன்சுலின். உண்டபின் இன்சுலின் உயரும்போது கொழுப்புத் திசு வாங்கிச் சேர்க்கிறது. தன்னிடம் உள்ளதை வெளியே விடுவதில்லை. உண்ணாத வேளையில் இன்சுலின் தாழ்ந்ததும், சேமிப்பிலிருந்த கொழுப்பு அமிலங்கள் வெளிவந்து உடலை நடத்துகின்றன. விடிந்தது முதல் இரவு வரை டீ, பிஸ்கட், நொறுக்கு என்று இடைவிடாமல் எதையாவது உள்ளே போட்டால், செலவழிக்கும் வேளை வருவதே இல்லை. கொழுப்புத் திசு தன் இருப்பை மூளைக்குத் தெரிவிக்க லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அதைக் கண்டறிந்தது. உடல் பருத்தவர்களிடம் லெப்டின் மிகுந்திருந்தும் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பருமனானவரைப் பார்த்து மனவலிமை இல்லாதவர் என்று பேசுவது அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

தோலுக்கடியில் சேர முடியாமல் வயிற்றுக்குள், கல்லீரலுக்குள் சேரும் கொழுப்பு கூடுதல் தீங்கானது. ஒல்லியாகத் தோன்றும் இந்தியர்களிடமும் இது உண்டு. அதனால்தான் எடையோடு இடுப்பளவையும் பார்க்கச் சொல்கிறார்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது.

நடங்கள் என்று சொல்வது எளிது. நடக்க இடம் வேண்டும். மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதையைக் குறித்துத் தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ நல்ல முயற்சி. அதன் பயன் எல்லாத் தெருக்களுக்கும் வர வேண்டும். வாகனம் நிறுத்தாத நடைபாதை, இரவில் எரியும் விளக்கு, பெண்கள் அச்சமின்றி நடக்கக்கூடிய பூங்கா, விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காத பள்ளி, பணியாளர்கள் அவ்வப்போது எழுந்து நடக்க இடம் தரும் அலுவலகம் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் ஒருவர் இருக்கிறார். வீட்டு வேலையும் வெளி வேலையும் சேர்ந்து பார்க்கும் பெண்ணுக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தருவது வீட்டில் உள்ள மற்றவர்களின் பொறுப்பு.

வெளியேறும் வழியும் மருத்துவத்தின் கடமையும்

உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே செய்துகொள்கிறது. அதை வெளியேற்றும் முக்கிய வழி பித்தநீர். கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்கு அனுப்புகிறது. அந்தப் பித்த அமிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு குடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுத் திரும்பவும் கல்லீரலுக்கே வருகிறது. கரையும் நார்ச்சத்து இந்தச் சுழற்சியில் குறுக்கிட்டு, ஒரு பகுதியைத் தன்னோடு வெளியே கொண்டுபோகிறது. ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் செய்வதற்காகக் கல்லீரல் ரத்தத்திலுள்ள எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. பயறு, அவரை, வெண்டை, கொய்யா போன்றவை கொழுப்பைக் குறைக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவருவதற்குப் பின்னால் இந்த வேலை நடக்கிறது.

எல்டிஎல்லைக் கல்லீரல் இழுத்துக்கொள்ள உதவும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறப்பிலேயே இந்த ஏற்பிகள் குறைந்த குடும்பங்கள் உண்டு. ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார். எவ்வளவு கட்டுப்பாடாக உண்டாலும் அவர்களுக்கு எல்டிஎல் உயர்ந்தே இருக்கும். இள வயதிலேயே மாரடைப்பு வரக்கூடும். அவர்களைக் காப்பது ஸ்டாட்டின் போன்ற மருந்துகள். இளம் வயதில் மாரடைப்பு வந்த ஒருவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனை, அவருடைய உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அழைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்து வீட்டுக்கே வருகிறது. ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளைத் துணை சுகாதார நிலையத்திலேயே உடனடியாகக் கொடுக்கிறார்கள். நெஞ்சுவலி வந்தபின் ஓடும் இந்த வேகம், வருவதற்கு முன்னான கொழுப்புப் பரிசோதனையிலும் இருக்க வேண்டும். பரிசோதனை முடிவை எளிய தமிழில் விளக்கிச் சொல்ல, அந்த நிலையங்களில் ஐந்து நிமிடமாவது ஒதுக்க வேண்டும். யூடியூபில் யாரோ பேசியதைக் கேட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்துபவர்கள் பெருகுவதற்கு ஒரு காரணம், அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்கு எங்கும் கிடைக்காததுதான்.

நாம் ஒத்துப்போகும் இடங்கள்

எந்த எண்ணெய் சிறந்தது என்ற வாதம் வீட்டுக்கு வீடு நடக்கிறது. செக்கெண்ணெய்தான் என்கிறார் ஒருவர். ரீஃபைண்ட்தான் என்கிறார் மற்றவர். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி என்கிறார் மருத்துவர். தலைமுறையாக உண்ட உணவு என்கிறார் குமரிக்காரர். இந்த வாதம் இன்று முடியப்போவதில்லை. அது முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்த எண்ணெயானாலும் அளவு குறைய வேண்டும். ஒரே வகையில் நிற்காமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பொரித்ததைத் திரும்பக் காய்ச்சக் கூடாது. டிரான்ஸ் கொழுப்பு அறவே வேண்டாம். பயறும் காயும் கூட வேண்டும். உடல் அசைய வேண்டும். இவற்றில் சித்த மருத்துவருக்கும் இதய மருத்துவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை.

தனிமனிதப் பொறுப்பை வலியுறுத்துபவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. சட்டம் போட்டு ஒருவரை நடக்கவைக்க முடியாது. ஆனால் நல்லதைத் தேர்ந்தெடுக்க ஒருவர் முனையும்போது, அது அவர் கைக்கு எட்டும் விலையில், எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுதியைத் தெளிவாக எச்சரிக்கும் முத்திரை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக நிலுவையில் நிற்கிறது. அதைத் தமிழிலும் அச்சிட வேண்டும். உணவு நிறுவனங்கள் இதைத் தடையாகப் பார்க்காமல், வாங்குபவரின் நம்பிக்கையைப் பெறும் வழியாகப் பார்க்கலாம்.

தொடங்குவதற்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. அடுத்து வரும் கிராம சபையில் ஒருவர் எழுந்து, நம் ஊர்ப் பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளில் பொரித்த எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்கலாம். குடியிருப்போர் சங்கம் தன் வார்டு உறுப்பினரிடம் நடைபாதையைக் கேட்கலாம். ஓட்டல் உரிமையாளர் சங்கம், எண்ணெயை மாற்றும் நாளைக் கடை முன் எழுதிவைக்க உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்ளலாம். சுகாதார நிலைய மருத்துவர் கொழுப்புப் பரிசோதனைக்கு மாதத்தில் ஒரு நாளை அறிவிக்கலாம். வீட்டில் சமைப்பவர் மாதத் தொடக்கத்தில் அளந்து வாங்கிய எண்ணெயிலேயே மாதத்தை முடிக்க முயலலாம். அந்த முயற்சிக்கு உண்பவர்கள் முகம் சுளிக்காமல் துணைநிற்கலாம். அவரவர் தம் பங்கைச் செய்யும்போது, பரிசோதனைக் காகிதத்தை வாங்கும் நம் வீட்டவர் ஒருவர் தனியாக நிற்க வேண்டியதில்லை. நூற்றுக்கு 81 என்ற கணக்கு அடுத்த ஆய்வில் குறைந்தால், அது நாம் எல்லோரும் சேர்ந்து ஈட்டிய வெற்றியாக இருக்கும்.